பெரிய தபாலாபீசுக்கு வந்த கடிதங்கள்

போன இதழில் சிங்கப்பூர் ஃபுல்லர்டன் கட்டிடத்தின் படத்தைப் போட்டு, “இன்று நட்சத்திர ஹோட்டல், அன்று தபாலாபீஸ்” என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. என் அப்பா அந்தக் கட்டிடத்தில் கடிதம் பிரிக்கும் வேலையில் 27 வருஷம் இருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த இடத்தைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்கு என்ன கசக்கவா போகிறது? இந்த முறை பக்கம் முழுவதும் இதுதான்.

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி:
எங்கள் ஐயா சிங்கப்பூருக்குக் கொண்டுவிக்கப் போனவர்கள், அதாவது கடல் தாண்டித் தொழில் செய்யப் போனவர்கள். அவர்கள் எழுதிய கடிதங்கள் டிரங்குப் பெட்டியில் இன்னும் இருக்கின்றன. போன வருஷம் மகன் அங்கே அழைத்துப்போய், ஆற்றோரத்தில் பெரிய தூண் வைத்த ஹோட்டலில் டீ வாங்கிக் கொடுத்து, “ஐயா இங்கேதான் கடிதம் போட்டிருப்பார்” என்றான். நிஜமா, என்னைச் சந்தோஷப்படுத்தச் சொன்னானா?

நிஜம்தான் அம்மா. உங்கள் மகன் சரியாகவே சொல்லியிருக்கிறார். நீங்கள் டீ குடித்த கட்டிடம் 1928 ஜூன் 27 அன்று திறக்கப்பட்டது. அன்றைக்குச் சிங்கப்பூரிலேயே மிகப் பெரிய கட்டிடம். கட்ட ஆன செலவு 41 லட்சம் டாலர். அதன் கீழ்த்தளங்களில் இருந்ததுதான் ஜி.பி.ஓ., அதாவது ஜெனரல் போஸ்ட் ஆபீஸ். எங்கள் வீட்டில் ‘பெரிய தபாலாபீஸ்’ என்போம். கொண்டுவிக்கப் போன நகரத்தார் தங்கித் தொழில் செய்த கிட்டங்கிகள் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் இருந்தன. நம் ஆட்களுக்கு அது செட்டித் தெரு. அந்தக் கிட்டங்கிகள் இப்போது இல்லை, அந்த இடம் முழுக்க உயரமான அலுவலகக் கட்டிடங்கள். ஆனால் தூரம் மாறவில்லையே. அங்கிருந்து தபாலாபீசுக்கு ஒரு வெற்றிலை மெல்லும் நேரம்தான். உங்கள் ஐயா கைப்பெட்டி வைத்து உட்காரும் பெட்டியடியிலிருந்து எழுந்து, கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நடந்தே வந்திருப்பார்கள்.

உள்ளே வந்ததும் அவர்கள் முதலில் பார்த்திருக்கக்கூடியது கவுண்டர். அதன் நீளம் 300 அடி. என் ஏழாவது வயதில், ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், அப்பாவோடு போயிருந்தேன். அவர் மேலதிகாரியைப் பார்க்கப் போனபோது, அந்தக் கவுண்டரின் ஒரு முனையிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்தேன். நூற்றிருபத்தெட்டு வரை வந்துவிட்டேன், முனை வரவில்லை. அதற்குள் அப்பா கூப்பிட்டுவிட்டார். கவுண்டருக்கு இந்தப் பக்கம் சீனத் தாத்தாக்கள், மலாய் மாக்சிக்கள் (அத்தைமார்), தலைப்பாகை கட்டிய சீக்கியர்கள், துறைமுகத்திலிருந்து நேராக வந்த நம் ஆட்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும் பேங்க் துரையின் குமாஸ்தாவும் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்ற இடம் அது. அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் இவ்வளவு பெரிய, இவ்வளவு அழகான கூரைக்குக் கீழே எல்லாரும் நுழையலாம் என்றிருந்த இடங்கள் அதிகமில்லை. மாடியில் இருந்த வெள்ளைக்காரர்களின் சிங்கப்பூர் கிளப்புக்குள் உங்கள் ஐயாவை விட்டிருக்க மாட்டார்கள். கீழே யாரும் யாரையும் தடுக்கவில்லை. இந்தக் கட்டிடத்தைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது முக்கியமாக அதுதான்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம், உள்ளே, கடிதம் பிரிக்கும் அறை. சுவரெங்கும் சின்னச் சின்ன மரக்கூண்டுகள். அப்பா வலது கட்டைவிரலில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, இடது கையில் ஒரு கட்டுக் கடிதத்தை விசிறி மாதிரி விரித்துப் பிடித்திருப்பார். பார்வை முகவரியில் இருக்கும், கை தன்னால் கூண்டுக்குப் போகும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கை கழுவும்போது தண்ணீர் ஊதாவாக ஓடும். முத்திரை மை.

அப்பாவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது, சம்பளப் பட்டியலில் இல்லாத வேலை. ஊரிலிருந்து வரும் சில உறைகளில் தமிழில் மட்டும் முகவரி எழுதியிருக்கும். சீன, மலாய் சகாக்கள் அதையெல்லாம் ஒதுக்கி அப்பாவின் மேசையில் வைத்துவிடுவார்கள். ஒன்று எனக்கு இன்னும் மனப்பாடம், ஏனென்றால் அப்பா அதை ராத்திரி சாப்பாட்டில் சொல்லிச் சொல்லி யோசித்தார்: “சிங்கப்பூர், பெரிய தபாலாபீசுக்கு எதிர்த்தாப்போல, படகுத்துறையில் வேலை பார்க்கும் எங்கள் மூத்தவனுக்கு.” பேர்கூட இல்லை. அப்பா மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் படகுத்துறைக்கே நடந்துபோய், ‘எந்த ஊர், அப்பா அம்மா இருக்காங்களா, நீ மூத்தவனா’ என்று விசாரித்து, மூன்றாம் நாள் ஆளைப் பிடித்துவிட்டார். உறையை உடைத்துப் படித்துக் காட்டச் சொன்னாராம் அந்த மனிதர். அப்பா படித்துக் காட்டினார். அதில் என்ன இருந்தது என்று அப்பா எங்களிடம் சொல்லவே இல்லை.

ஈப்போ வாசகர் ஒருவர்:
ஃபுல்லர்டன் யார்? தபால் துறைத் தலைவரா?

இல்லை ஐயா. ராபர்ட் ஃபுல்லர்டன் நீரிணைக் குடியேற்றங்களின் முதல் கவர்னர். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் 1826இல் ஒன்றாகச் சேர்த்தபோது பொறுப்பேற்றவர். அதற்கு முன் அவர் மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனி நிர்வாகத்தில், கவுன்சில் உறுப்பினராக இருந்தவர். நம் கடற்கரையிலிருந்து கிளம்பிப் போன மனிதரின் பேர்தான் அந்தக் கட்டிடத்துக்கு. திறப்பு விழாவில் அந்தப் பேரை வைத்த கவர்னர் ஹியூ கிளிஃபோர்டும், அதற்குச் சற்று முன்வரை இலங்கையில் கவர்னராக இருந்தவர். இந்த இரண்டு செய்தியையும் அங்கே வரும் தமிழ்ச் சுற்றுலாப் பயணிகளுக்கு யாராவது சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆனால் ஃபுல்லர்டன் பேர் அந்த மண்ணுக்குக் கட்டிடத்தைவிட நூறு வருஷம் முன்பே வந்துவிட்டது. 1829இல் அங்கே கட்டியது ஒரு கோட்டை, ஃபோர்ட் ஃபுல்லர்டன். ஆற்று முகத்தில் பீரங்கிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். பக்கத்துச் சாலைக்கு இன்றும் பேட்டரி ரோடு என்று பேர் இருப்பது அந்தப் பீரங்கி வரிசையால்தான். கோட்டையை 1873இல் இடித்தார்கள். அந்த இடத்தில் ஒரு தபாலாபீசும் எக்ஸ்சேஞ்ச் கட்டிடமும் வந்தன. அவையும் போய்த்தான் இப்போதிருப்பது வந்தது.

அதற்கும் முன்னால் அங்கே ஒரு கல் இருந்தது. இதைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரியும். ஆற்று முகத்தில் ஏறத்தாழ ஆளுயரம் ஒன்றரை மடங்கு இருந்த பாறைப் பலகை, ஐம்பது வரி எழுத்தோடு. 1819இல் காடு வெட்டும்போது கண்ணில் பட்டது. 1843இல் கோட்டைப் பக்கம் இடம் வேண்டும் என்று வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். சில துண்டுகள் கல்கத்தாவுக்குப் போயின. ஒரு துண்டு மட்டும் இப்போது சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அந்த எழுத்தை இதுவரை யாரும் முழுதாகப் படிக்கவில்லை. 2019இல் இயன் சின்கிளேர் என்ற ஆய்வாளர், அதில் ‘கேசரிவ’ என்று படிக்கக்கூடிய எழுத்துகள் இருக்கின்றன, ‘பரகேசரிவர்மன்’ என்ற சோழர் பட்டப்பெயரின் பகுதியாக இருக்கலாம் என்று கருத்துச் சொன்னார். ராஜேந்திர சோழனுக்கு அந்தப் பட்டம் உண்டு. இது ஒரு கருத்துதான், முடிந்த முடிவு அல்ல. உணர்ச்சிவசப்பட்டு வாட்ஸாப்பில் ‘சிங்கப்பூரில் சோழர் கல்வெட்டு’ என்று அனுப்பிவிட வேண்டாம். ஆனால் அரும்பொருளகம் போனால் அந்தத் துண்டுக்கு முன் ஐந்து நிமிஷம் நில்லுங்கள்.

திருச்சியில் கட்டிடக்கலை படிக்கும் மாணவி:
இந்தக் கட்டிடம் எந்தப் பாணி அம்மா? யார் வடிவமைத்தது? இவ்வளவு கனமான தூண்கள் வெப்ப நாட்டில் எதற்கு?

வடிவமைத்தது கீஸ் அண்ட் டௌட்ஸ்வெல் என்ற நிறுவனம். சிங்கப்பூர் கேப்பிடல் தியேட்டரும் இவர்கள் கைவேலைதான். பாணி புதுச்செவ்வியல், அதாவது கிரேக்க, ரோமானிய இலக்கணத்தை இருபதாம் நூற்றாண்டில் திரும்ப எழுதியது. சிங்கப்பூர் நிறுவப்பட்டதன் நூற்றாண்டு நினைவாக 1919இலேயே திட்டம் போட்டார்கள். பணம் போதவில்லை. 1924இல்தான் வேலை தொடங்கியது.

தூண்களைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. அவை டோரிக் தூண்கள். நம் கோயில் தூணில் பூமொட்டுப் போதிகை இருக்குமே, அதுபோல எதுவும் டோரிக்கில் இல்லை. தலையில் ஒரு தட்டையான பலகை, அவ்வளவுதான். அலங்காரம் எல்லாம் உடம்பில், மேலிருந்து கீழாக ஓடும் வரிப்பள்ளங்களில் இருக்கிறது. கனமான அடித்தளத்தின் மேல் நின்று, இரண்டு மாடி உயரத்தை ஒரே மூச்சில் கடக்கின்றன. நான் எல்லோருக்கும் சொல்வது: மதியம் போகாதீர்கள். காலை எட்டு மணிக்குப் போங்கள், அல்லது மாலை ஐந்தரைக்கு. சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு கோடு நிழல் விழும். சுவர் முழுக்கக் கோலக்கோடு இழுத்த மாதிரி இருக்கும். உச்சி வெயிலில் அதே தூண் மொட்டையாகத் தெரியும். உன் கேள்விக்கும் இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது, கண்ணு. தூண் வரிசைக்குப் பின்னால் சுவரும் ஜன்னலும் உள்வாங்கி இருப்பதால் நேர் வெயில் அறைக்குள் விழாது, சாரலும் அடிக்காது. நம் ஊர்த் திண்ணைத் தூண் செய்கிற அதே வேலையை இங்கே பெரிய கம்பீரத்தோடு செய்கிறது.

மனை சதுரம் இல்லை. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் அந்தக் காலத்துக் கடல், மற்ற பக்கங்களில் சாலையும் சதுக்கமும். கோணல் மனையில் சமச்சீர்க் கட்டிடம் எழுப்புவது கஷ்டம். நான்கு பக்கமும் சுற்றி வந்து பார். எந்தப் பக்கம் நின்றாலும் ‘இதுதான் முகப்பு’ என்று தோன்றும். இந்தக் கட்டிடத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது. வாசல் முகமண்டபத்துச் சிற்ப வேலையைச் செய்தவர் ரொடால்ஃபோ நொல்லி என்ற இத்தாலியச் சிற்பி. பழைய உச்ச நீதிமன்றத்தின் நெற்றியில் நீதிதேவதையைச் செதுக்கியவரும் அவரே.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றையும் குறித்துக்கொள். கட்டிடத்தின் அடியிலிருந்து சாலைக்குக் கீழே சுமார் 35 மீட்டருக்கு ஒரு சுரங்கவழி, கடலோரப் படகுத்துறைக்குப் போனது. தபால் பைகள் வெயில் மழை படாமல் கப்பலுக்குப் போவதற்கும் கப்பலிலிருந்து வருவதற்கும். ஒரு தபாலாபீசின் கட்டிடக்கலை என்பது தூணில் இல்லை, பை எந்த வழியாக வருகிறது, எங்கே கொட்டுகிறார்கள், எங்கே பிரிக்கிறார்கள் என்ற அந்த ஓட்டத்தில் இருக்கிறது. உன் வரைபடத்தில் முதலில் அதை வரை.

நாகப்பட்டினம் வாசகர்:
ரஜுலா கப்பலில் எங்கள் ஊரிலிருந்து போன தபாலும் அங்கேதான் இறங்கியதா?

ரஜுலா 1926இல் கட்டிய கப்பல், 1973 வரை மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. இந்தியாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த தபால் பிரிக்கப்பட்ட இடம் ஜி.பி.ஓ. ‘கப்பல் வந்தாச்சு’ என்றால் அப்பா அன்று இரவு தாமதமாகத்தான் வருவார், அம்மா சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவார்.

கிள்ளானிலிருந்து ஒரு வாசகி:
‘ஏழாம் கட்டை’, ‘பத்தாம் கட்டை’ என்று பழைய சிங்கப்பூர்க்காரர்கள் சொல்கிறார்களே, எங்கிருந்து எண்ணிய கட்டை?

பெரிய தபாலாபீசிலிருந்து. சிங்கப்பூரின் சாலைத் தூரங்கள் ஜி.பி.ஓ.விலிருந்துதான் அளக்கப்பட்டன. புக்கிட் தீமா ஏழாம் கட்டை என்றால் ஜி.பி.ஓ.விலிருந்து ஏழு மைல், புக்கிட் பாஞ்சாங் பத்தாம் கட்டை.

புதுக்கோட்டை வாசகர்:
ஜப்பான் யுத்தத்தில் கட்டிடம் தப்பியது எப்படி?

முழுசாகத் தப்பியது என்று சொல்ல முடியாது, ஆனால் நின்றது. 1942 பிப்ரவரியில், சிங்கப்பூர் விழுவதற்கு முந்தைய நாட்களில், உள்ளே தற்காலிக ஆஸ்பத்திரி நடந்தது. கவர்னர் ஷென்டன் தாமஸ் மாடியில் கிளப்பில் தங்கியிருந்தார். சிங்கப்பூர் விழுந்த பிறகு ஜப்பானியர் தங்கள் நிர்வாகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

மதுரை வாசகர்:
மாடியில் கலங்கரை விளக்கம் இருந்ததாகப் படித்தேன்.

இருந்தது. 1958இல் கூரையில் பொருத்தினார்கள், ஒளி கடலில் வெகுதூரம் தெரியும். பிறகு கரையோரத்தில் கட்டிடங்கள் உயர உயர வெளிச்சத்தை மறைத்துவிட்டன. 1979இல் அணைத்தார்கள். அதற்குப் பதிலாக வந்தது பெடோக் கலங்கரை விளக்கம், அது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் இருக்கிறது! கீழே குடும்பங்கள் சோறு வடிக்கின்றன, மேலே கப்பலுக்கு வெளிச்சம். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஃபுல்லர்டன் விளக்குச் சுற்றுவதை எஸ்பிளனேடு மதிலில் உட்கார்ந்து எண்ணுவோம்.

சிங்கப்பூரிலிருந்து ஓர் இளைஞர்:
நான் பக்கத்து அலுவலகத்தில் வேலை செய்கிறேன். தினமும் தாண்டிப் போகிறேன், உள்ளே போனதில்லை. போனால் என்ன வாங்கப் போகிறாய் என்று கேட்பார்களோ என்று கூச்சம். உள்ளே தபாலாபீசின் அடையாளம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

தம்பி, உன் கூச்சத்தைப் படித்துவிட்டு எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. உன் வயதில் என் அப்பா அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு தினமும் போனார். நாளைக்கே போ. முன்கூடத்துக்குள் யாரும் போகலாம். கட்டிடத்தின் வரலாற்றைச் சொல்லும் ஒரு காட்சிக்கூடமும் உள்ளே இருக்கிறது, பழைய படங்கள், தபால் சம்பந்தப்பட்ட பொருள்கள் எல்லாம் வைத்திருக்கிறார்கள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே இருந்த வருமான வரித்துறை வெளியேறியது, 1996இல் ஜி.பி.ஓ.வும் வெளியேறியது. 1997இல் ஹாங்காங்கின் சினோ லேண்ட் நிறுவனம் 110 மில்லியன் டாலருக்கு எடுத்தது. 2001 ஜனவரி 1 அன்று பிரதமர் கோ சோக் தோங் ஹோட்டலை முறைப்படி திறந்து வைத்தார், 400 அறைகள். 2015 டிசம்பர் 7 அன்று நாட்டின் 71ஆவது தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். அதாவது இனிமேல் யாரும் இஷ்டத்துக்கு அதன்மேல் கை வைக்க முடியாது. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த அன்று நான் அப்பாவின் படத்துக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கிப் போட்டேன்.

என்ன மிச்சம் என்றால்: வெளிச்சுவரும் தூண்களும் முழுசாக இருக்கின்றன. பழைய கிளப்பின் கூடத்தில், பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்த மாதிரி வளைந்த கூரையைச் சதுரக் குழிகளோடு காப்பாற்றியிருக்கிறார்கள். தபாலாபீஸ் இருந்த பக்கத்தில் இப்போது ‘போஸ்ட் பார்’ என்று ஒன்று நடக்கிறது, அங்கே அண்ணாந்து பார்த்தால் பழைய கூரை வேலைப்பாடு தெரியும். நன்றாகப் பராமரிக்கிறார்கள், அதைச் சொல்லியே ஆக வேண்டும். காலியாகப் பூட்டி வைத்துக் கரையான் தின்ன விட்ட எத்தனையோ கட்டிடங்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆனாலும் கேட்டதால் சொல்கிறேன். நான் போகிற ஒவ்வொரு முறையும் என் கண் தேடுவது அந்த 300 அடிக் கவுண்டரை. அது இல்லை. கிளப்புக்காரர்களின் கூரையைக் கண்ணும் கருத்துமாகக் காத்தவர்கள், எல்லோரும் கை ஊன்றி நின்ற பலகையில் பத்தடியாவது விட்டு வைத்திருக்கலாம். முழங்கை பட்டுப் பட்டு அதன் விளிம்பு மழமழவென்று ஆகியிருந்தது. தொட்டால் வெண்ணெய் மாதிரி இருக்கும்.

தேவகோட்டையிலிருந்து ஒருவர்:
தாத்தா காலத்துச் சிங்கப்பூர் உறைகள் என்னிடம் ஒரு பை நிறைய இருக்கின்றன. தபால்தலைகளை மட்டும் வெட்டியெடுத்து ஆல்பத்தில் ஒட்டலாமா?

ஐயோ, வேண்டாம். கத்தரிக்கோலை முதலில் கீழே வையுங்கள். பாதி தபால்தலையிலும் பாதி உறையிலுமாக விழுந்திருக்கும் வட்ட முத்திரையில்தான் ஊரும் தேதியும் இருக்கிறது. வெட்டினால் இரண்டும் போய்விடும். தண்ணீரில் ஊறவும் போடாதீர்கள், முகவரி மை கரைந்துவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் சுற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். உறையின் முதுகுப் பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். வந்து சேர்ந்த ஊரின் முத்திரை பல உறைகளில் பின்னால் இருக்கும். இரண்டு தேதிக்கும் நடுவிலிருக்கும் நாள்தான் கடல்.

காரைக்குடி அம்மாவுக்கும் இதையே சொல்கிறேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து, உறைகளைத் தேதிவாரியாக அடுக்குங்கள். 1928 ஜூன் 27க்குப் பிந்தியவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். அதில் எத்தனை இருக்கின்றன என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.